1970-களின் ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் வாட்ச் சேகரிப்பு: ராயல் ஓக், நாட்டிலஸ், 222 வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

1972 ஏப்ரலில் பேசல் கண்காட்சியில் ஓடெமார் பிகே நிறுவனம் ராயல் ஓக் 5402-ஐ மேசைமேல் வைத்தபோது, தங்க வாட்ச் விலைக்கு ஸ்டீல் வாட்சா என்று வியாபாரிகளே முகம் சுளித்தார்கள். அதை வரைந்தவர் ஜெரால்ட் ஜென்டா. 1976-இல் பட்டெக் ஃபிலிப்பின் நாட்டிலஸ் 3700, ஐடபிள்யூசியின் இன்ஜீனியர் எஸ்எல் 1832 இரண்டும் அவர் கையிலிருந்தே வந்தன. 1977-இல் வாஷெரோன் கான்ஸ்டன்டின் தன் 222-ஆம் ஆண்டையொட்டி 222 என்ற வாட்சை வெளியிட்டது. அதையும் ஜென்டா கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. வரைந்தவர் யோர்க் ஹைசெக். விற்பவர் இதை மாற்றிச் சொன்னால் அவர் சொல்லும் மற்றவற்றையும் இரண்டாம் முறை சரிபாருங்கள்.

இந்த நான்கில் முதலில் சொன்ன ராயல் ஓக், நாட்டிலஸ், கடைசியில் சொன்ன 222 ஆகிய மூன்றுக்கும் உள்ளே ஓடுவது அடிப்படையில் ஒரே மெஷின். அதனால் விலையைத் தீர்மானிப்பது வெளியே இருக்கும் இரும்பும் டயலும்தான். கேஸின் (வாட்சின் வெளிக்கூட்டின்) விளிம்பு எவ்வளவு கூராக மிஞ்சியிருக்கிறது, டயல் பிறந்தபோது இருந்ததுதானா, செயினில் எத்தனை கண்ணி இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது. மெஷினைச் சரிசெய்ய ஆள் கிடைப்பார். தேய்ந்துபோன விளிம்பு திரும்ப வராது.

படி 1: ஒரே ஒரு மாடலைத் தேர்ந்தெடுங்கள்

நான்கையும் ஒரே நேரத்தில் தேடுபவர் நான்கிலும் ஏமாறுவார். ஒன்றை எடுத்துக்கொண்டு, பெரிய ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் அந்த மாடலின் படங்களைக் குறைந்தது ஐம்பதாவது சேர்த்துவையுங்கள். எண், டயல் வகை, செயின் கொக்கி, விற்ற தொகை ஆகியவற்றை ஒரு அட்டவணையில் குறியுங்கள். மூன்று மாதம் இதைச் செய்தால் கண் தானாகப் பழகும்.

அளவுகள் கைக்கு ஒத்துவருமா என்பதையும் இப்போதே பாருங்கள். 5402 குறுக்களவு 39 மி.மீ.; அந்தக் காலத்தில் இது ஏகப் பெரிது என்பதால்தான் "ஜம்போ" என்ற பட்டப்பெயர். நாட்டிலஸ் 3700 இரு பக்கக் காதுகளையும் சேர்த்து 42 மி.மீ. வாஷெரோன் 222-இன் பெரிய வகை 37 மி.மீ., எண் 44018. இதன் சின்ன வகைகளைக் காட்டி ஜம்போ விலை கேட்பதும் நடக்கும். ஐடபிள்யூசி 1832 அளவு 40 மி.மீ.

முதல் பழைய வாட்ச் என்றால் 1832-இல் தொடங்குவது நல்லது என்பது எங்கள் கருத்து. விலை மற்ற மூன்றைவிடக் குறைவு, சொந்த மெஷின், கட்டுமானமும் முரட்டுத்தனமானது.

படி 2: உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1967-இல் ஜேகர்-லெகூல்ட்ர் உருவாக்கிய காலிபர் (மெஷின் ரகம்) 920 தான் அந்தப் பொது மெஷின். செய்த நிறுவனம் இதைத் தன் சொந்த வாட்ச் எதிலும் போட்டதில்லை என்பது இத்துறையின் சுவையான முரண். ஓடெமார் பிகே இதற்கு 2121 என்றும், பட்டெக் 28-255 சி என்றும், வாஷெரோன் 1121 என்றும் பெயர் வைத்தன. தேதியோடு சேர்த்து உயரம் வெறும் 3.05 மி.மீ. இவ்வளவு மெல்லிய ஆட்டோமேட்டிக்கில் ரோட்டாரின் (கை அசைய அசையச் சுழன்று சாவி கொடுக்கும் தகட்டின்) எடை நடு அச்சை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக, ரோட்டாரின் விளிம்பு ஒரு தண்டவாளம்போலச் சுற்றி, நான்கு மாணிக்க உருளைகள்மேல் ஓடுகிறது. பழைய எண்ணெய் காய்ந்து அழுக்குச் சேர்ந்தால் முதலில் அடிவாங்குவது இந்தத் தண்டவாளமும் உருளைகளும்தான். காதருகே வைத்து மெதுவாகச் சாய்க்கும்போது கரகரப்பு கேட்டால் சர்வீஸ் செலவை விலையில் கழியுங்கள்.

இந்த மூன்று வாட்சிலும் வினாடி முள் கிடையாது. நின்றிருக்கிறதா ஓடுகிறதா என்பது கடையில் ஐந்து நிமிடம் கையில் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. தேதியை மட்டும் தனியாக விரைந்து மாற்றும் வசதியும் இந்தப் பழைய மெஷினில் இல்லை. "தேதி சரியாக மாறுவதில்லை, சாவியில் ஏதோ கோளாறு" என்று சொல்லித் தள்ளுபடி தருபவர் உண்மையில் கோளாறில்லாத வாட்சைத் தருகிறவராகவும் இருக்கலாம்.

1832-இல் ஓடுவது ஐடபிள்யூசியின் 8541 இஎஸ். அதைச் சுற்றி மென்னிரும்பால் ஓர் உள்கூடு உண்டு. மீட்டருக்கு 80,000 ஆம்பியர் காந்தப்புலம்வரை தாங்குவதற்காக. பின்மூடியைத் திறக்கும்போது இந்த உள்மூடி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எப்போதோ ஒரு சர்வீஸில் "இது எதற்கு" என்று எடுத்து வைக்கப்பட்டுத் தொலைந்திருக்கலாம்.

படி 3: எண்ணும் காகிதமும்

படத்தில் மயங்குவதற்கு முன் கேஸ் எண்ணையும் மெஷின் எண்ணையும் கேளுங்கள். பட்டெக் ஃபிலிப் தன் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் சான்றில் மெஷின் எண், கேஸ் எண், தயாரித்த ஆண்டு, விற்ற தேதி எல்லாம் இருக்கும். ஓடெமார் பிகேவிடமும் வாஷெரோனிடமும் பதிவேட்டுச் சான்று கேட்கும் வழி உண்டு.

சான்று எதைச் சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும். "இந்த எண்ணில் ஒரு ஸ்டீல் வாட்ச் இந்த ஆண்டில் செய்யப்பட்டது" என்பது மட்டுமே அது. இப்போது அதில் இருக்கும் டயல், முள், சாவி, செயின் ஆகியவை அன்று போட்டவை என்று அது உறுதிசொல்லாது. விற்பவர்கள் சான்றை நீட்டிப் பேச்சை முடித்துவிடப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

2021 நவம்பரில் ஜெனிவாவில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்குமேல் ஏலம் போனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023-இல், அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கதம்ப வாட்ச் என்று தெரியவந்தது. செய்த நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு காகிதத்தை மட்டும் நம்பலாமா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, திருட்டு வாட்சா என்ற சோதனை. லண்டனில் இயங்கும் வாட்ச் ரெஜிஸ்டர் என்ற தனியார் பதிவேட்டிலும், வாஷெரோனுக்கும் ஐடபிள்யூசிக்கும் உரிமையாளரான ரிஷ்மோன் குழுமம் 2023-இல் தொடங்கிய என்குவைரஸ் தளத்திலும் எண்ணைப் போட்டுப் பாருங்கள். திருட்டு என்று பதிவான வாட்சை சர்வீஸுக்கு அனுப்பினால் அது உங்களிடம் திரும்பாமலே போகலாம்.

5402-இல் எண்ணின் முன்னால் வரும் எழுத்து விலையைத் தூக்கும். முதல் 2,000 வாட்சுகள் ஏ வரிசை. பிறகு பி, சி, டி. ஏ வரிசையில் "ஏபி" சின்னம் டயலில் 6 மணி இடத்தில் இருக்கும். பிற்காலத்தில் அது 12 மணிக்கு ஏறியது. ஏ எண் உள்ள கேஸில் 12 மணிச் சின்னம் இருந்தால், டயல் பின்னாளில் மாற்றப்பட்டது என்று பொருள். அப்படி மாற்றுவது தவறல்ல. ஏ வரிசை விலை கேட்பதுதான் தவறு.

படி 4: இரும்பைப் பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் கண் லென்ஸ், டிஜிட்டல் வெர்னியர், வெள்ளை ஒளி தரும் மேசை விளக்கு, மெல்லிய பருத்தித் துணி. வெர்னியரின் தாடையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கீறல் உங்கள் கணக்கில் வரவேண்டாம்.

ராயல் ஓக்கின் எண்கோணப் பெசலை (கண்ணாடியைச் சுற்றிய மேல் வளையத்தை) விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். மேற்பரப்பில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய இழைகோடுகள் தெரியும். அதைச் சுற்றி கண்ணாடிபோல் மின்னும் ஒரு சரிவு விளிம்பு. இரண்டும் சந்திக்கும் கோடு பிளேடால் வெட்டினாற்போல் இருக்கவேண்டும். பாலிஷ் சக்கரத்தில் காட்டப்பட்ட வாட்சில் அந்தக் கோடு கரைந்து, எங்கே இழை முடிகிறது எங்கே மினுக்கம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எட்டு மூலைகளிலும் சரிவின் அகலம் ஒரே அளவாக இருக்கிறதா பாருங்கள். ஒரு மூலையில் அகன்றும் இன்னொன்றில் குறுகியும் இருந்தால் கையால் பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

பிறகு எட்டு ஆணிகள். வெள்ளைத் தங்கத்தால் ஆன இவற்றின் தலை அறுகோணம். அதே வடிவில் குடைந்த குழியில் உட்கார்ந்திருப்பதால் இவற்றை மேலிருந்து திருகவே முடியாது, முடுக்குவது பின்பக்கத்திலிருந்து. அதனால்தான் எட்டு வெட்டுக்கோடுகளும் பெசலின் வட்டத்தைப் பின்பற்றி வரிசையாக நிற்கின்றன. கோடுகள் கண்டபடி திரும்பியிருந்தால் அது போலி. கோடு வரிசையாக இருந்தும் வாய் பிய்ந்து ரம்பம்போல் இருந்தால், விவரம் தெரியாத யாரோ மேலிருந்து ஸ்க்ரூடிரைவரால் முயன்றிருக்கிறார்கள். அவர் உள்ளே என்ன செய்தாரோ என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். அறுகோணக் குழியின் ஓரம் வழுவழுப்பாக உருண்டு, ஆணித்தலை பெசலைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் பெசலின் மேற்பரப்பே தேய்ந்து இறங்கிவிட்டது.

5402-க்குத் தனிப் பின்மூடி இல்லை. அடியும் நடுவும் ஒரே துண்டு. மெஷினை மேலிருந்தே எடுக்கவேண்டும். பெசலுக்கும் கேஸுக்கும் நடுவே கருப்பாகத் தெரியும் தடித்த ரப்பர் கேஸ்கட்தான் தண்ணீரைத் தடுப்பது. ஐம்பது ஆண்டில் இது கல்லாகிச் சுருங்கும். அந்த இடுக்கில் வியர்வை தேங்கினால் இரும்பில் ஊசி குத்தினாற்போல் அரிப்புக்குழிகள் விழும். வெளியிலிருந்து இவை தெரியாது. பெசலைக் கழற்றினால்தான் தெரியும். வெயிலும் உப்புக்காற்றும் உள்ள ஊர்களில் அணிந்த வாட்ச் என்றால் இதை முதல் சந்தேகமாக வையுங்கள்.

நாட்டிலஸ் 3700 கேஸ் இரண்டு பாகம்: காதுகளோடு கூடிய பெசல் ஒன்று, அடிப்பாகம் ஒன்று. கப்பல் ஜன்னல்போல இரு பக்கக் காதுகளில் இவை பூட்டிக்கொள்கின்றன. காதின் தட்டையான முகம் தட்டையாகவே இருக்கிறதா, பக்கவாட்டு ஸ்க்ரூக்களின் வாய் சுத்தமா, பெசலின் வளைந்த எண்கோணத்தில் ஓரங்கள் மங்கி வெறும் வட்டம்போல் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

222-இல் பெசலைச் சுற்றியுள்ள பற்கள்தான் சாட்சி. பல்லின் மேல்முகம் உருண்டிருந்தால் பாலிஷ். கேஸின் வலது கீழ் மூலையில், 5 மணிக்கு அருகே பதித்த சிறிய தங்க மால்டாச் சிலுவையின் ஓரம் கூராக இருக்கவேண்டும்.

ஐடபிள்யூசி 1832 பெசலில் ஐந்து குழிகள் உண்டு. அவை 12 மணிக்கு நேராக நிற்காமல் கோணலாக இருக்கிறதே என்று பயந்து வாங்காமல் விட்டவர்கள் உண்டு. இந்தப் பெசல் ஜாடி மூடிபோல் மரை திருகி இறுகுவது. குழிகள் கருவியைப் பொருத்த மட்டுமே. எங்கே இறுகுகிறதோ அங்கே நிற்கும். ஒவ்வொரு வாட்சிலும் இடம் வேறாக இருப்பதே இயல்பு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தேய்ந்த விளிம்பில் லேசரால் இரும்பை வைத்து நிரப்பி மறுபடி செதுக்கும் வேலை இப்போது வெகு நேர்த்தியாக நடக்கிறது. விளிம்பு புத்தம்புதிதாகவும், அதன் அருகிலேயே பின்பக்க எண்களின் வெட்டு ஆழமில்லாமல் மங்கியும் இருந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "லேசர் வெல்டிங் நடந்திருக்கிறதா?" நடந்ததைச் சொல்லி விற்றால் அது ஒரு விலை, மறைத்து விற்றால் ஏமாற்று.

படி 5: டயலும் முள்ளும்

5402 டயலில் உள்ள சின்னச்சின்னச் சதுரங்களை அச்சு அடித்துச் செய்வதில்லை. பழைய செதுக்கு எந்திரத்தில் வரி வரியாகக் குடைந்து எடுக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு சதுரமும் உச்சி வெட்டிய பிரமிடுபோல் எழும்பி, நடுவே உள்ள பள்ளத்திலும் நுண்கோடுகள் தெரியும். அச்சடித்த போலியில் சதுரம் மட்டும் இருக்கும், பள்ளம் வழவழவென்று கிடக்கும். மேலே வார்னிஷ் தடிமனாக ஓடிப் பள்ளத்தை நிரப்பியிருந்தால் மறுபூச்சு. நீலம் சாம்பலாகவும், சில டயல்களில் பழுப்பாகவும் மாறுவது வயதின் இயல்பு. திட்டுத் திட்டாக, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கறை பரவியிருந்தால் அது ஈரம் புகுந்த தடம். அதற்கு "பட்டினா" என்று அழகுப் பெயர் வைத்து விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள்.

நாட்டிலஸ் டயலில் கிடைக்கோட்டுப் பட்டைகள் இருக்கும். ஆரம்பகால டயல்கள் சிலவற்றில் அடியில் "சுவிஸ்" என்ற எழுத்தின் இரு பக்கமும் கிரேக்க சிக்மா எழுத்து உண்டு. மணிக்குறிகள் தங்கத்தால் ஆனவை என்பதற்கு 1970-களில் சுவிஸ் நிறுவனங்கள் வைத்த குறி அது.

இருட்டில் ஒளிரும் எதையும் நாம் "ரேடியம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த வாட்சுகளில் இருப்பது ரேடியம் அல்ல, டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1976-இல் பூசியது இன்றைக்கு நான்கு அரை ஆயுளைத் தாண்டிவிட்டது. பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். ஆகவே இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

சோதனை எளிது. அறையை இருட்டாக்கி யூவி டார்ச்சைப் பத்து வினாடி அடித்து அணையுங்கள். பழைய டிரிட்டியம் டார்ச் ஒளியில் லேசாக மின்னி, அணைத்ததும் ஓரிரு வினாடியில் மங்கிவிடும். நிமிடக்கணக்கில் ஒளிர்ந்துகொண்டே இருந்தால் அது 1990-களின் இறுதிக்குப் பிந்தைய லூமினோவா வகைப் பூச்சு. டயலோ பூச்சோ மாறியிருக்கிறது. முள்ளும் மணிக்குறியும் ஒரே நிறத்தில் முதிர்ந்திருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறி தேன் நிறம், முள் பால் வெள்ளை என்றால் முள் மாறியது. சுரண்டிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

படி 6: செயின்

இந்த வாட்சுகளில் செயின் கேஸோடு ஒட்டிப் பிறந்தது. வேறு பட்டையை வாங்கி மாட்டிச் சமாளிக்க வழியில்லை. முதல் ராயல் ஓக் செயின்களைச் செய்தது ஜெனிவாவின் கே ஃப்ரேர். கேஸிலிருந்து கொக்கிவரை கண்ணிகள் சிறுத்துக்கொண்டே போவதால், தொலைந்த கண்ணிக்குப் பதில் ஏதோ ஒன்றைப் போடமுடியாது. அதே இடத்துக் கண்ணிதான் வேண்டும். கண்ணிகளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். கொக்கியை மூடிய நிலையில் உள்சுற்றளவையும் கேளுங்கள். 160 மி.மீ. செயினை 185 மி.மீ. மணிக்கட்டுக்கு வாங்கிவிட்டு உதிரிக் கண்ணி தேடி அலைவது நடைமுறையில் முடியாத வேலை.

தேய்மானம் பார்க்க, வாட்சை டயல் பக்கவாட்டில் இருக்கும்படி பிடித்து, செயினைக் கிடையாக நீட்டுங்கள். நல்ல செயின் கொஞ்சம் வளையும். தேய்ந்தது தென்னங்கீற்றுபோல் தொங்கிவிடும்.

நாட்டிலஸில் 3700/1, 3700/11 என்று இரண்டு உண்டு. முந்தியதில் செயின் அகலம், பிந்தியதில் குறுகல். படத்தில் ஒன்றைக் காட்டி எண்ணில் மற்றொன்றை எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: படம் கேட்பதும் மெஷின் பார்ப்பதும்

நேரில் போக முடியாதபோது விற்பவரிடம் கேட்கவேண்டியவை: பெசலின் நான்கு பக்கமும் சாய்வாக எடுத்த படம், பின்பக்க எண், கொக்கியின் உள்பக்க முத்திரை, டயல் நெருக்கப்படம் கண்ணாடிப் பிரதிபலிப்பு இல்லாமல், திறந்த மெஷின், இருட்டில் யூவி காணொளி, இன்றைய தேதி எழுதிய துண்டுக் காகிதம் அருகில் வைத்து ஒரு படம். மெஷினைத் திறக்கத் தயங்குவது நியாயமே; 5402-இல் பெசலைக் கழற்றவேண்டும், கேஸ்கட் கெடும். தேர்ந்த மெக்கானிக் முன்னிலையில், கேஸ்கட் செலவு உங்களுடையது என்று சொல்லிக் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

டைம்கிராஃபரில் (மெஷினின் துடிப்பை அளக்கும் கருவியில்) வைக்கும்போது துடிப்பு வேகம் மணிக்கு 19,800 என்று பதிவாகவேண்டும். முழுதும் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கிய நிலையில் வீச்சு (உள்ளே சமநிலைச் சக்கரம் ஊசலாடும் கோணம்) 270 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் ஆரோக்கியம். 220-க்குக் கீழே இறங்கினால் சர்வீஸ் உடனே தேவை. எந்திரத்தில் லிஃப்ட் ஆங்கிள் (மெஷினுக்கு மெஷின் மாறும் ஒரு கோண அளவு) தப்பாக வைத்திருந்தால் வீச்சு எண்ணும் தப்பும் என்பதை மறக்காதீர்கள். பிறகு 24 மணிநேரம் விட்டு, மறுநாள் கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். நள்ளிரவு கடந்தபின் தேதி எண் ஜன்னல் நடுவில் நிற்கிறதா என்பதும் அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும்.

படி 8: பணம்

ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகை நீங்கள் கொடுக்கும் தொகை ஆகாது. வாங்குபவர் கட்டணம் பெரிய ஏல நிறுவனங்களில் ஏறத்தாழ கால்பங்கு. உதாரணத்துக்கு 40,000 பிராங்கில் சுத்தியல் விழுந்தால், 26 விழுக்காடு சேர்த்து 50,400. அதற்குமேல் காப்பீட்டோடு அனுப்பும் செலவு, உங்கள் நாட்டுச் சுங்க வரி, முழு சர்வீஸ். சுங்கத்தைக் கேட்காமல் ஏலத்தில் கையைத் தூக்குவது மாடு வாங்கிவிட்டுக் கொட்டகைக்கு இடம் தேடுவதுபோல்.

கையில் அணிந்து விமானத்தில் கொண்டுவந்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். பிடிபட்டால் வாட்சும் போகும், அபராதமும் வரும். பின்னாளில் விற்கும்போது வரி கட்டிய ரசீது இல்லாததும் தடையாகும்.

தனியாரிடம் வாங்கினால் பணத்தை மூன்றாமவர் கணக்கில் நிறுத்தி, வாட்சைச் சோதித்தபின் விடுவிக்கும் முறையில் செலுத்துங்கள். விலைப்பட்டியில் கேஸ் எண், மெஷின் எண், "டயல் அசல்" அல்லது "சர்வீஸ் டயல்" (பின்னாளில் மாற்றிய டயல்) என்ற சொல் எழுத்தில் வரவேண்டும். வாயால் சொன்னது வாயோடு போகும்.

சந்தை நிலவரமும் ஒரு வார்த்தை. 2020-க்குப் பின் ஏறிய விலை 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்டு இறங்கியது. 2021 டிசம்பரில் டிஃபனி நீல டயல் நாட்டிலஸ் 5711 ஒன்று நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனதும், 2022 மே மாதம் ஜென்டாவின் சொந்த ராயல் ஓக் ஜெனிவாவில் 21 லட்சம் பிராங்குக்குப் போனதும் அந்த உச்சக் காய்ச்சலின் விளைவு. அந்த எண்களை வைத்து இன்று உங்களிடம் விலை பேச வருபவரிடம் கடைசி ஆறு மாத விற்பனையைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 9: வாங்கிய பின்

சர்வீஸுக்குக் கொடுக்கும் படிவத்தில் மூன்று வரி எழுதுங்கள்: கேஸையும் செயினையும் பாலிஷ் செய்யக் கூடாது; டயலையும் முள்ளையும் மாற்றக் கூடாது; கழற்றிய பழைய பாகம் எல்லாம் உறையிலிட்டுத் திருப்பித் தரவேண்டும். சர்வீஸ் மையங்களில் பாலிஷ் பெரும்பாலும் வழக்கமான வேலைப் பட்டியலிலேயே இருக்கும். யாரும் கேட்காமலே செய்துவிடுவார்கள். வாட்சைப் புதிதுபோல் ஆக்கித் தருவதை அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஐம்பது ஆண்டு தப்பிய விளிம்பு அந்த ஒரு மதியத்தில் போய்விடும்.

ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள். நாட்டிலஸும் 222-உம் 120 மீட்டர் தாங்கும் என்று 1970-களின் விளம்பரம் சொன்னது அன்றைய புது கேஸ்கட்டுக்கு. இன்று கை கழுவும்போதுகூடக் கழற்றிவையுங்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் மாற்றவேண்டும். அணிந்த நாளில் மெல்லிய துணியால் செயினின் உள்பக்கத்தை துடையுங்கள். உப்பு தங்கும் இடம் அதுதான்.

நாட்டிலஸோடு வந்த தக்கைப் பெட்டி உங்களிடம் இருந்தால் அதை வாட்ச் வைக்கப் பயன்படுத்தாதீர்கள். தக்கை உதிரும், பெட்டிக்கே தனி விலை உண்டு. துணியில் சுற்றித் தனியே வையுங்கள்.

படி 10: புது டிசைனுக்குக் காத்திருப்பது

பழையதைச் சேகரிப்பவர்களில் பாதிப்பேர் ஒரு கண்ணைப் புது அறிமுகங்கள்மேல் வைத்திருப்பார்கள். காத்திருப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் ஆண்டு நிறைவுகளைக் குறித்துவையுங்கள். ராயல் ஓக்கின் 50-ஆம் ஆண்டான 2022-இல் 5402-இன் வழிவந்த 15202 போய் 16202 வந்தது: அதே 39 மி.மீ., ஆனால் பழைய 2121-க்குப் பதில் சொந்த காலிபர் 7121, 55 மணிநேர ஓட்டம், தேதியை விரைந்து மாற்றும் வசதி. வாஷெரோன் 2022-இல் 222-ஐ மஞ்சள் தங்கத்திலும், தன் 270-ஆம் ஆண்டான 2025-இல் ஸ்டீலிலும் திரும்பக் கொண்டுவந்தது.

மறுபதிப்பு வந்தால் பழையதன் விலை விழுமா? 222 விஷயத்தில், அதுவரை பெயரே கேள்விப்படாதவர்கள்கூடப் பழைய 44018-ஐத் தேடத் தொடங்கினார்கள். புதியது பழையதற்கு விளம்பரம் ஆகிறது. ஆனால் பழையதைப் பார்த்து அப்படியே செய்தது வேறு, அதிலிருந்து வளர்த்தது வேறு. 2023-இல் வந்த ஐடபிள்யூசி இன்ஜீனியர் 40-இல் ஐந்து குழிகள் உண்மையான ஸ்க்ரூக்களாகி, எல்லா வாட்சிலும் ஒரே இடத்தில் நிற்கின்றன. பழைய கோணல் போய்விட்டதே என்று வருந்துகிறவர்களும், ஒரு வழியாக நேரானதே என்று மகிழ்கிறவர்களும் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

முற்றிலும் புது வடிவம் என்று பார்த்தால் 2024 அக்டோபரில் பட்டெக் கொண்டுவந்த சதுர முக கியூபிட்டஸைச் சொல்லவேண்டும். 45 மி.மீ. அளவுக்கு எழுந்த முணுமுணுப்பு கொஞ்சமல்ல. அடுத்த ஆண்டே 40 மி.மீ. தங்க வகை வந்தது. அதனால் முதல் வாரத்து ஆரவாரத்தில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்கும் முன் ஓராண்டு பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. 2025-இல் ரோலெக்ஸ் லேண்ட்-டுவெல்லர் புது எஸ்கேப்மென்ட்டோடு (மெஷினின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பகுதியோடு) வந்தது. ரோலெக்ஸின் பழைய ஆய்ஸ்டர் குவார்ட்ஸின் கேஸ் ஓரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உடம்பு பரிச்சயமாகவே தெரியும்.

கடையில் புதியதைக் கையில் வாங்கினால் லோகோவைப் பார்க்கும் முன் அதைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கேஸ் எத்தனை மி.மீ. தடிமன், முதல் கண்ணி கேஸிலிருந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது, சரிவு விளிம்பும் இழைகோடும் சந்திக்கும் இடம் எவ்வளவு கூர்மை என்று பாருங்கள். முடிந்தால் பழைய 222 ஒன்றைப் புது 222-க்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் 37 மி.மீ. சிலுவை இரண்டிலும் அதே மூலையில். புரட்டினால் பழையதில் மூடிய இரும்பு, புதியதில் ரோட்டார் தெரியும் கண்ணாடி. பல் முளைத்த பெசலைப் புதியதில் தடவிப் பார்த்து, பிறகு பழையதில் தடவுங்கள். பழையது எத்தனை முறை பாலிஷ் சக்கரத்தைப் பார்த்தது என்பதை விரல் நுனியே சொல்லிவிடும்.